அத்தியாயம் 6: அலமாரிக்கு அழைத்துப் போகும் ஆட்டங்கள்

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு நகர நூலகத்தில் நூலக வார விழா நடத்தினோம். பேச்சுப் போட்டிக்கு நாற்பது பிள்ளைகளுக்கு மேல் பெயர் கொடுத்திருந்தார்கள். கூடம் போதவில்லை. புத்தக அலமாரிகளைச் சுவரோரம் தள்ளி, ஒன்றின் முகத்தை ஒன்று மறைக்கும்படி நிறுத்திவிட்டு நாற்காலி போட்டோம். ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளைகள் ஒப்பித்தார்கள். மூன்று பரிசும் ஒரே பள்ளிக்குப் போயின. எவர்சில்வர் கிண்ணத்தோடு மூன்று பேரும், மிக்சர் பொட்டலத்தோடு மற்றவர்களும் வீடு திரும்பினார்கள். அன்று மாலை கடன் பதிவேட்டைப் பார்த்தால் ஒரு புத்தகம்கூட வெளியே போகவில்லை. எப்படிப் போகும்? அலமாரிகளைத்தான் மறைத்துவிட்டோமே!

அந்த மாலையில் கற்றதுதான் இந்த அத்தியாயத்தின் அடிப்படை விதி: நூலகத்தில் நடக்கும் போட்டியின் விடை அலமாரியில் இருக்க வேண்டும். கலந்துகொள்பவர் எழுந்து நடந்து, கை நீட்டி, ஒரு புத்தகத்தை எடுத்தால்தான் ஆட்டம் நகர வேண்டும். அந்த வேலையைச் செய்யாத போட்டி எவ்வளவு நன்றாக நடந்தாலும் கல்யாண மண்டபத்தில் நடக்க வேண்டியது.

கேரளத்தில் மாநில நூலகக் கவுன்சில் நடத்தும் வாசிப்புப் போட்டி இந்த விதியைப் பின்பற்றுகிறது. குறித்துக் கொடுத்த புத்தகங்களைப் படித்தவர்தான் அதில் நிற்க முடியும். போட்டி ஊர் நூலகத்தில் தொடங்கி தாலுகா, மாவட்டம், மாநிலம் என்று படியேறுகிறது. பிரிட்டனில் 1999 முதல் நடக்கும் கோடை வாசிப்புச் சவாலில் முதலிடம், இரண்டாமிடம் என்பதே கிடையாது. கோடை விடுமுறைக்குள் ஆறு புத்தகம் படித்த ஒவ்வொரு பிள்ளையும் வென்றவர்தான். முதல் முறை ஆழமாகப் படிக்க வைக்கும், இரண்டாவது பலரைப் படிக்க வைக்கும். நம் ஊருக்கு இரண்டையும் கலந்து கொள்ளலாம்.

இனி வருவதெல்லாம் திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியை மனத்தில் வைத்து எழுதியது. பட்டுத் தறியும் அரிசி ஆலையும் உள்ள ஊர் அது. உங்கள் ஊரில் தறி இல்லையென்றால் அந்த இடத்தில் உங்கள் ஊர்த் தொழிலை வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்காக நடத்துகிறோம்?

முதல் வேலையாக ஒரு தாளில் நான்கு பத்தி போட்டு, நூலகத்துக்கு யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்று எழுதுங்கள். பெரும்பாலான கிளை நூலகங்களில் விடை இப்படித்தான் இருக்கும்.

காலையில் தினசரி பார்க்க வரும் பெரியவர்கள். நாள் முழுதும் மேசையைவிட்டு எழாத போட்டித் தேர்வு இளைஞர்கள். பள்ளி விட்டதும் எட்டிப் பார்க்கும் பிள்ளைகள். நான்காவது பத்தியில் வராதவர்கள்: தறியில் உட்கார்ந்திருக்கும் ஆண்களும் பெண்களும், ஊடை நூலைத் தாராகச் சுற்றும் பாட்டிகளும். நூலகத்துக்கு அதிகம் தேவைப்படுபவர்கள் இந்தக் கடைசிப் பத்தியில்தான் இருக்கிறார்கள்.

இவர்களை அழைக்க ஒரு காரணமும் உண்டு. நூலகத்துக்குப் பணம் கொடுத்துப் பெயர்ப்பலகையில் இடம்பெறுபவரைப் 'புரவலர்' என்கிறோம். ஆனால் 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி, வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் ஒரு ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறார். தறி போட்ட ஓட்டு வீட்டுக்காரரும் அதைக் கட்டியிருக்கிறார். அவரும் புரவலர்தான். அழைப்புக் கொடுக்கும்போது இதைச் சொல்லுங்கள். "எங்களுக்கெல்லாம் அங்க இன்னா வேலை?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

எந்த நாளில் நடத்துவது?

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். எல்லா நூலகங்களும் அப்போது விழா எடுக்கின்றன, நீங்களும் எடுங்கள். ஆனால் ஆரணியில் அது மழைக்காலம் என்பதை மறக்க வேண்டாம். ஈரத்தில் பாவு நூல் நெகிழும், குழித்தறியில் தண்ணீர் ஊறும். நெசவாளர் வீட்டில் பணம் புரளாத நேரம் அது. ஆள் வருவார், மனம் வராது.

தறியூருக்கு இதைவிடப் பொருத்தமான வாரம் ஒன்று காலண்டரிலேயே இருக்கிறது. ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். 1905இல் அதே நாளில் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கியதை நினைவுகூர்ந்து 2015 முதல் கொண்டாடுகிறார்கள், முதல் விழா சென்னையில் நடந்தது. ஆகஸ்ட் 12 நூலகர் நாள். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் பிறந்தநாளாக அது கொண்டாடப்படுகிறது. கைத்தறி நாளில் தொடங்கி நூலகர் நாளில் முடித்தால் ஆறு நாள். ஆரணிக்கென்றே யாரோ குறித்து வைத்ததுபோல இருக்கிறது.

இதிலும் மூன்று எச்சரிக்கை உண்டு. அந்த வாரம் ஆடியில் வரும். ஆடி வெள்ளியன்று பாதி ஊர் படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குக் கிளம்பிவிடும், அன்று எதையும் வைக்காதீர்கள். இரண்டாவது, ஆவணி முகூர்த்தத்துக்கான சேலைகள் அப்போது தறியில் இருக்கும், பகல் நேரத்தில் நெசவாளரை அழைப்பது அவர் கூலியில் கைவைப்பது. உங்கள் தெருவில் தறிக்கு என்று விடுமுறை, அமாவாசையா, ஞாயிறா என்று கேட்டு, பெரியவர்களுக்கான நிகழ்ச்சியை அன்றைக்கு வையுங்கள், அந்த ஆறு நாளுக்குள் வராவிட்டால் முன்பின் தள்ளியாவது. மூன்றாவது, நூலகத்தின் வார விடுமுறை. இவையெல்லாம் கழிந்து ஐந்து நாள் கிடைத்தால் ஐந்து நிகழ்ச்சி, நான்கு கிடைத்தால் நான்கு.

ஆட்டம் 1: அலமாரித் தேடல்

யாருக்கு: 6 முதல் 9ஆம் வகுப்பு வரை. எத்தனை பேர்: 24. நேரம்: 40 நிமிடம். தேவை: குறிப்புச் சீட்டுகள், பென்சில், ஒரு காலி மேசை.

மூன்று பேர் கொண்ட எட்டுக் குழுவாகப் பிரியுங்கள். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே குழுவில் சேராமல் சீட்டுக் குலுக்குங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் பத்துக் குறிப்பு. எல்லாக் குழுவுக்கும் ஒரே வரிசையில் கொடுத்தால் இருபத்து நான்கு பேரும் ஒரே அலமாரி முன் மோதுவார்கள். ஆகவே வரிசையை மாற்றிக் கொடுங்கள்.

குறிப்புகள் மூன்று வகையாக இருக்கட்டும்.

எளியது: "தலைப்பில் ஒரு நிறத்தின் பெயர் வரும் புத்தகம்." "உங்களில் ஒருவரின் பெயர் கொண்ட எழுத்தாளர்." "நீங்கள் பிறப்பதற்கு முன் அச்சான நூல்." மூன்றாவதற்கு விடை காணப் பதிப்பு ஆண்டு எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று பிள்ளைகள் கண்டுபிடித்தாக வேண்டும்.

நடுத்தரமானது: "பொருளடக்கத்தில் 'பட்டு' என்ற சொல் வரும் நூல்." "பட்டுப்புழு என்ன தின்னும் என்று சொல்லும் பக்கம்." மல்பெரி இலை என்பது பட்டு நெய்யும் வீட்டுப் பிள்ளைக்கே பல சமயம் தெரிவதில்லை. வீட்டுக்கு நூலாகத்தானே பட்டு வருகிறது?

கடினமானது: புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் பகுப்பு எண். "இந்த எண்ணுள்ள புத்தகத்துக்கு வலப்பக்கத்தில் எது நிற்கிறது?" எண்ணின் பொருள் புரியாமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆட்டத்துக்கு முன் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான ரங்கநாதன், அதற்கு முன் கணித ஆசிரியர். 1924இல் நூலகப் படிப்புக்காக லண்டன் போனார். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற பொம்மைச் செட்டைப் பார்த்தார். சில துண்டுகள், சில திருகுகள், அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் விதவிதமான பொம்மைகள். ஒரு புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துப் பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1933இல் வெளியான புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் அவருடைய கோலன் பகுப்புமுறைக்கு விதை விழுந்தது ஒரு பொம்மைக் கடையில்தான். நூலகத்தில் என்ன விளையாட்டு என்று முகம் சுளிப்பவர்களுக்கும் இந்தக் கதை உதவும்.

முக்கியமான விதி: எடுத்த புத்தகத்தைப் பிள்ளைகள் திரும்ப அலமாரியில் செருகக் கூடாது. அதற்கென்று போட்ட காலி மேசையில் வைக்க வேண்டும். இடம் மாறிச் செருகிய புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம். முதல் தடவை இந்த விதி இல்லாமல் நடத்திவிட்டு இரண்டு நாள் அடுக்கிக்கொண்டிருந்தோம்.

ஆட்டம் 2: புட்டா அட்டை

யாருக்கு: 3ஆம் வகுப்பு முதல். எத்தனை நாள்: கோடை விடுமுறை முழுவதும், அல்லது கைத்தறி நாளில் தொடங்கி எட்டு வாரம். தேவை: கட்டத்தாள், கலர் பென்சில், உறைகள்.

பிரிட்டனின் ஆறு புத்தகக் கணக்கை ஆரணித் தறியில் ஏற்றினால் கிடைப்பது இது. இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஜக்கார்டு பெட்டியின் வேலையை ஊரில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழையும், அதற்குரிய கொக்கி பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் இழை அப்படியே கிடக்கும். ஓர் அட்டைக்கு ஒரு வரி. அட்டை அட்டையாக ஓடினால் சேலையில் மயிலோ மாங்காயோ புட்டாவாக எழும். பிரான்சில் ஜக்கார்டு 1804இல் அமைத்த இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் ஆங்கிலேயக் கணித அறிஞர் பாபேஜ் தம் கணக்கிடும் எந்திரத்துக்கும் துளையட்டை யோசனையை எடுத்துக்கொண்டார். இதை அப்படியே வாசிப்புக்குக் கொண்டுவருவோம்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கட்டம் போட்ட வெற்று அட்டை ஒன்று கொடுங்கள். எந்தப் புட்டா வரப்போகிறது என்பது ரகசியம். ஒரு புத்தகத்தைப் படித்துத் திருப்பிக் கொடுத்து, அதைப் பற்றி ஒரு நிமிடம் பேசினால், இரண்டு வரிக்கான குறிப்புச் சீட்டு கிடைக்கும். ஆறு புத்தகம் முடிந்தால் பன்னிரண்டு வரியும் நிறைந்து உருவம் தெரிந்துவிடும்.

குறிப்பு எழுதும் முறைக்கு ஒரு மாதிரி:

முதல் வரி: 5 விடு, 2 நிரப்பு, 5 விடு.
இரண்டாம் வரி: 4 விடு, 4 நிரப்பு, 4 விடு.
மூன்றாம் வரி: 3 விடு, 6 நிரப்பு, 3 விடு.

இப்படியே போனால் ஆறாம் வரியில் பன்னிரண்டும் நிறையும். ஏழாம் வரியும் முழுதாக நிறைந்து, எட்டாம் வரியிலிருந்து வந்த வழியே குறைந்தால் வைரப் புட்டா. ஒவ்வொரு வரியையும் கூட்டினால் 12 வர வேண்டும். அச்சடிக்கும் முன் இதைச் சரிபாருங்கள், ஓர் எண் தவறினால் ஐம்பது பிள்ளைகளின் புட்டா கோணிவிடும். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இருபத்து நான்குக்கு இருபத்து நான்கு கட்டம் கொடுத்து, புத்தகத்துக்கு நான்கு வரி என்று வைத்தால் அன்னமும் மயிலும்கூடக் கொண்டுவரலாம்.

புட்டாக்களை நூலகர் வரைய வேண்டாம். கட்டத்தாளில் டிசைன் போடும் கலைஞர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஒருவரை அழைத்து நான்கு வடிவம் கேளுங்கள். அவர் பெயரை அட்டையின் பின்புறம் அச்சிடுங்கள். காலமெல்லாம் அவர் போட்ட பூவைச் சேலையில் பார்த்திருப்பார்கள், பெயரோடு பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு நிமிடப் பேச்சுக்கு மூன்று கேள்வி போதும்: யாரைப் பிடித்தது? எங்கே அலுத்தது? யாருக்கு இதைக் கொடுப்பாய்? அலுத்தது என்று சொல்ல இடம் கொடுங்கள். அப்படிச் சொல்ல முடிந்த பிள்ளை உண்மையில் படித்திருக்கிறது. கதைச் சுருக்கம் கேட்காதீர்கள், அது பரீட்சை ஆகிவிடும். பாதியில் மூடிய புத்தகத்துக்கு ஒரு வரிச் சீட்டு கொடுக்கலாம்.

முடிந்த அட்டைகளைக் கயிற்றில் கோத்து வாசலில் தொங்கவிடுங்கள். தறிமேல் தொங்கும் அட்டை மாலைபோலவே இருக்கும். பெற்றோர் பார்க்க வருவார்கள்.

ஆட்டம் 3: முடிவைச் சொல்லுங்கள்

யாருக்கு: தறி வீடுகளுக்கு. தேவை: எட்டுப் பக்கத்துக்கு மேல் போகாத நல்ல சிறுகதை ஒன்று, வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை.

தறியில் இருப்பவர் நூலகத்துக்கு வர முடியாவிட்டால் நூலகம் தறிக்குப் போகலாம். இது புது யோசனை அல்ல. கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வாசிப்பவர் என்று ஒருவர் இருந்தார். தொழிலாளர்கள் இலை சுருட்ட, அவர் உயரமான இருக்கையில் அமர்ந்து செய்தித்தாளும் நாவலும் வாசிப்பார். நம் பக்கத்திலும் 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போயிருக்கிறது.

முறை இது. ஒரு சிறுகதையை நகல் எடுத்து, கடைசிப் பக்கத்தை மட்டும் நூலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீதியைத் தன் தெருவில் வாசிக்க ஒரு பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். தறி ஓடும்போது வாசிக்கக் கூடாது. மிதி, பலகைச் சத்தத்தில் கேட்காது, நெய்பவருக்குக் கவனமும் சிதறும். டீ வரும் நேரம், இழை அறுந்து பிணைக்கும் நேரம், சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம், இவைதான் வாசிக்கும் வேளை. கதை நின்ற இடத்தில் பிள்ளை கேட்கும்: "மாமா, இப்ப அவன் இன்னா பண்ணுவான்னு நினைக்கிறீங்க?" சொல்வதைச் சீட்டில் எழுதி, சொன்னவர் பெயரோடு நூலகப் பெட்டியில் போட வேண்டும்.

கதாசிரியர் எழுதிய முடிவோடு ஒத்துப்போவதற்குப் பரிசு இல்லை. நன்றாகச் சொன்ன முடிவுக்குத்தான் பரிசு. தறி விடுமுறை நாளில் சீட்டுகளை எல்லாம் வாசித்துக் காட்டிவிட்டு, கடைசியாக அச்சிலிருக்கும் முடிவை வாசியுங்கள். மூலக் கதையைவிடத் தெருக்காரர் சொன்ன முடிவு மேலானது என்று கூட்டம் சொல்வதும் உண்டு, சொல்லட்டும். அந்தக் கதை இருக்கும் தொகுப்பை, முடிந்தால் இரண்டு மூன்று பிரதியாக, மேசைமேல் வைத்திருங்கள்.

வேண்டாதது ஒன்று: நெசவாளர் துயரத்தைப் பற்றிய கதை. அவருக்கு அது தெரியும். சிரிக்க வைக்கும் கதை, பேய்க் கதை, துப்பறியும் கதை கொடுங்கள்.

ஆட்டம் 4: ஊரறிவு, புத்தகம் திறந்த வினாடி வினா

யாருக்கு: எல்லா வயதினருக்கும். நேரம்: நாள் முழுவதும்.

மணி அடித்து முந்திச் சொல்லும் வினாடி வினாவில் மனப்பாடம் ஜெயிக்கும். இங்கே கேள்வியைக் காலையில் பலகையில் ஒட்டிவிடுங்கள். மாலைக்குள் விடை, அது இருக்கும் புத்தகத்தின் பெயர், பக்க எண் மூன்றையும் எழுதிப் போட வேண்டும். கைபேசியில் தேடியவருக்கும் பக்க எண் வேண்டும் என்பதால் அலமாரிப் பக்கம் வராமல் முடியாது. சரியான விடைகளில் குலுக்கல்.

கேள்விகள் ஊரைச் சுற்றியே இருக்கட்டும். ஆரணிக்குச் சுவையான குழப்பங்கள் நிறைய உண்டு.

'ஆரணியாறு ஆரணியில் ஓடுகிறதா?' ஓடவில்லை. நம் ஊர் கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது. ஆரணியாறு திருவள்ளூர் மாவட்டத்தில் ஓடுகிறது, அங்கேயும் ஆரணி என்று ஓர் ஊர் உண்டு.

'ஆரணி சாலை ரயில் நிலையம் எந்த ஊரில் இருக்கிறது?' களம்பூரில்.

'1751 டிசம்பரில் ஆரணிக்கு அருகே யாருக்கும் யாருக்கும் சண்டை?' ஆற்காட்டு முற்றுகை முடிந்த கையோடு ராபர்ட் கிளைவின் படைக்கும் ராசா சாகிபின் படைக்கும். தொடர் கேள்வியாக 1782ஐக் கேட்கலாம். அந்த ஆண்டு இதே ஆரணியில் ஐதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதினார்கள்.

'1989க்கு முன் ஆரணி எந்த மாவட்டத்தில் இருந்தது?' வட ஆற்காடு. அந்த ஆண்டுதான் திருவண்ணாமலை தனி மாவட்டமானது.

ஊர்ப்பெயர்க் காரணம்போல ஒற்றை விடை இல்லாத கேள்விகளைப் போட்டியில் சேர்க்காதீர்கள். ஆற்றுக்கு அணியானதால் ஆரணி என்பார் ஒருவர், ஆத்தி மரத்தைச் சொல்வார் இன்னொருவர், தகராறு வரும். அதைத் தனியாக ஒரு மாலைப் பேச்சுக்கு வைத்துக்கொண்டால் ஊரே கூடும்.

கேள்வி தயாரிக்கவும் விடை திருத்தவும் போட்டித் தேர்வு இளைஞர்களைக் கேளுங்கள். ஏற்கெனவே பெரிய போட்டியில் இருப்பவர்கள், இன்னொன்றில் சேர மாட்டார்கள். ஆனால் கேள்வித்தாள் எழுதுவது அவர்கள் படிப்புக்கே பயிற்சி. ஒரு நிபந்தனை: ஒவ்வொரு கேள்விக்கும் நம் நூலகத்திலேயே விடை இருக்கும் புத்தகத்தை அவர்கள் முதலில் காட்ட வேண்டும். விடையிருக்கும் புத்தகம் இல்லையென்றால் கேள்வியை எடுத்துவிட்டு, வாங்க வேண்டிய நூல் பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் 5: விடுகதையும் ஆடுபுலியும்

யாருக்கு: தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள். நேரம்: தறி விடுமுறை நாள் மாலை.

இதில் ஆசிரியர் பெரியவர்கள். ஆடுபுலிக்கு 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. பலகை வாங்க வேண்டாம், திண்ணையில் சாக்கட்டியால் கோடு போட்டால் போதும், ஆட்டுக்குப் புளியங்கொட்டை, புலிக்குக் கூழாங்கல். பல்லாங்குழிக்குப் பதினான்கு குழி. பாட்டிகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதி சொல்வார்கள். சண்டை போடாமல், எந்தத் தெருவில் எந்த விதி என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டு நூலகத்திலேயே இருக்கட்டும். வேறெந்த நூலகத்திலும் கிடைக்காத கையெழுத்து நூல் அது.

விடுகதைக்கு ஒரு விதி: கேள்விப்பட்டதைச் சொன்னால் ஒரு மதிப்பெண், தானே கட்டியதைச் சொன்னால் மூன்று. தொடங்கி வைக்க ஒன்று தருகிறேன்: "இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓயாமல் ஓடுவான், தெருவை மிதித்ததில்லை. ஓட ஓட வயிறு இளைக்கும், நிரப்பினால் மறுபடி ஓடுவான். யார்?" தார் போட்ட நாடா. அரிசி ஆலைக்காரர்களும் நெல்லைப் பற்றி ஒன்று கட்டாமல் விட மாட்டார்கள்.

அலமாரி இதில் எங்கே வருகிறது? விடுகதைத் தொகுப்புகள், நாட்டுப்புற விளையாட்டு நூல்கள், சதுரங்கப் புத்தகங்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து ஆட்டத்துக்கு நடுவே பாயில் பரப்பி வையுங்கள். 'இது புத்தகத்தில்கூட வந்திருக்கா!' என்று ஒரு பாட்டி எடுத்துப் பார்த்தால் போதும். படிக்கத் தெரியாவிட்டால் பேத்தி வாசிப்பாள்.

சத்தம், அனுமதி, மற்ற ஏற்பாடுகள்

நூலகத்தில் ஆட்டம் என்றால் முதல் எதிர்ப்பு தினசரி படிக்க வரும் பெரியவரிடமிருந்து வரும். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. 'மாலை 4 முதல் 5.30 வரை ஆட்ட நேரம்' என்று மூன்று நாள் முன்பே பலகையில் எழுதுங்கள், அமைதி மேசை ஒன்றைத் தள்ளிப் போடுங்கள், ஒலிபெருக்கி வைக்காதீர்கள். அவரையே நடுவராகக் கேட்டால் எதிர்ப்பு பாதி கரையும்.

அரசு நூலகமாக இருந்தால் மாவட்ட நூலக அலுவலருக்கு நூலகர் வழியாக எழுத்தில் தெரிவித்து அனுமதி பெறுங்கள். வாசகர் வட்டம் பொறுப்பேற்பது நல்லது. நூலகர் பெரும்பாலும் தனி ஆள், கடன் மேசையை விட்டு எழுந்தால் புத்தகம் வழங்குவது நின்றுவிடும். பிள்ளைகளைப் படம் எடுப்பதற்கு முன் பெற்றோரைக் கேளுங்கள்.

தவிர்க்க வேண்டியவை: ஒப்பிக்கும் போட்டிகள், வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வரும் கட்டுரைகள், தலைமை உரைக்காகப் பிள்ளைகளை ஒரு மணி நேரம் காக்க வைப்பது. 'நூல்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதை வைத்து ஆரணியில் பட்டிமன்றம் நடத்தும் ஆசை எல்லோருக்கும் வரும். ஊர்க்காரர்கள் அதை நூறு முறை கேட்டுவிட்டார்கள்.

பரிசு

மொத்தச் செலவை ரூ.3,000க்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் நன்கொடையாளர் தேடும் வேலை வரும், பிறகு அவர் பெயரில் மேடை, மாலை, பேனர் எல்லாம் வரும்.

கிண்ணம், கோப்பை வேண்டாம். உறுப்பினர் அட்டை இல்லாத பிள்ளைக்கு, பெற்றோர் கையெழுத்தோடு காப்புத்தொகையும் சந்தாவும் நாம் கட்டிச் சேர்த்துவிடுவதுதான் சிறந்த பரிசு. செலவு குறைவு, பிள்ளை மறுபடி வந்தால்தான் பரிசுக்கே பொருள். ஏற்கெனவே உறுப்பினராக இருந்தால், அடுத்து வாங்கப்போகும் ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. அதன் முதல் பக்கத்தில் 'இன்னார் கேட்டு வாங்கியது' என்று எழுதுங்கள். பெரியவர்களுக்கு ஒரு துண்டு போர்த்தினால் மகிழ்வார்கள். ஆரணியில் அது கைத்தறித் துண்டாக இல்லாவிட்டால் நெய்தவர் முகத்தில் விழிக்க முடியாது.

கலந்துகொண்ட எவரும் வெறுங்கையோடு போகக் கூடாது. அதற்கு மிக்சர் பொட்டலம் போதாது. கடன் மேசையைத் திறந்தே வைத்து, ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கணக்கு

ஒரு நோட்டில் ஐந்து வரி. நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம், நிகழ்ச்சி வாரம், அதற்குப் பின் இரண்டாம் வாரம், நான்காம் வாரம், எட்டாம் வாரம். ஒவ்வொன்றிலும் மூன்று எண் எழுதுங்கள்: வெளியே போன புத்தகங்கள், புதிய உறுப்பினர்கள், அவர்களில் தறி வீட்டிலிருந்து வந்தவர்கள்.

நிகழ்ச்சி வாரத்தில் எண் ஏறாமல் இருக்காது. அதைப் பார்த்து மகிழ வேண்டாம். நான்காம் வாரத்து எண், முந்தைய வாரத்தைவிடச் சிறிதாவது மேலே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் எந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் திரும்பி வருகிறார்கள் என்று பெயர்ப் பட்டியலை ஒப்பிட்டு, அடுத்த ஆண்டு அந்த ஆட்டத்தை இரண்டு நாளாக்குங்கள். நிற்கவில்லையென்றால் கூட்டம் அதிகம் வந்த நிகழ்ச்சியை முதலில் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் அதில்தான் அலமாரிகளை ஓரம் தள்ளியிருப்போம்.